தழும்பு விழுந்த கோலிகள்

பட்டறையில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். அவள் கையைத் தாண்டி ஒரு கோணல் கோலிக்குண்டும் வெளியே போனதில்லை. சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகையில் கோலிகள் உருண்டு வரும். உருண்டை சரியாக இருந்தால் நேரே ஓடும். இல்லையென்றால் ஓரமாக ஒதுங்கும். ஒதுங்குவதைப் பொறுக்கிக் கழிவுப் பெட்டியில் போடுவாள்.

அன்று காலையிலிருந்து ஏகப்பட்டவை ஒதுங்கின. அவளுக்கு முதலில் தன் மேல்தான் சந்தேகம். பலகையைத் துடைத்தாள். மட்டம் வைத்துப் பார்த்தாள். போதாதென்று கையையும் கழுவிக்கொண்டு வந்தாள். அப்புறம்தான் ஒரு கோலியை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினாள். ஒரு பக்கம் சின்னச் சுருக்கம் தட்டுப்பட்டது. அடுத்ததிலும் அதே.

இந்தத் தழும்பை அவள் பார்த்திருக்கிறாள். சூப்பர்வைசர் அறை அலமாரியில் பழங்காலக் கோலிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். களிமண்ணை உருட்டிச் சுட்டவை, கல்லைத் தேய்த்துச் செய்தவை, கடைசியில் கண்ணாடிக் குச்சியைக் காய்ச்சி, முறுக்கி, கையால் கத்தரித்தவை. கையால் கத்தரித்ததில் மட்டும் வெட்டிய இடம் தழும்பாக நிற்கும். இங்கேயோ உலையிலிருந்து ஒழுகும் குழம்பை இயந்திரக் கத்தரி துண்டு போடுகிறது. துண்டுகள் சுழலும் உருளைகளில் விழுந்து உருண்டையாகின்றன. சூடு சரியாக இருந்தால் வெட்டு தானே கரைந்துவிடும். தழும்பு நின்றால் குழம்பு ஆறிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

சூட்டை அளக்கும் கருவி கெட்டு வெகுநாளாகிறது. நிறத்தை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார் உலைக்காரர். அவர் அவளோடு கூடப்பிறந்த அண்ணன்.

பெட்டி நிரம்பினால் சூப்பர்வைசர் கண்ணில் படும். அண்ணனை உலையை விட்டு எடுத்துவிடுவார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒதுங்கிய கோலிகளை அள்ளி, மறுபடி உருக்குவதற்கு உடைசல் போடும் பீப்பாயில் கொட்டினாள். நேரே உலைக்குப் போனாள்.

குழம்பின் நிறம் பார்க்கப் போடும் கருப்புக் கண்ணாடி அண்ணனின் நெற்றியில் ஏறியிருந்தது.

“என்னண்ணே, நெத்தியாலதான் பாக்குறியா?”

“அதப் போட்டா ஒரே இருட்டும்மா. கழட்டினாதான் பளிச்சுன்னு தெரியுது. உலைக்கு இன்னிக்கு என்ன கோவமோ, வெள்ளை வெளேர்னு எரியுது. நானும் காலைலேருந்து சூட்டைக் குறைச்சுக்கிட்டே இருக்கேன்.”

அவள் அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். குழம்பு மங்கிய சிவப்பாக ஒழுகியது. கொஞ்ச நாளாக அவர் தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றியதும், பழியைச் சொம்பின் மேல் போட்டதும் நினைவுக்கு வந்தன.

ஒதுங்கியதில் எடுத்து வந்திருந்த ஒரு கோலியை அவர் கையில் வைத்தாள். “இதுல என்ன தெரியுது?”

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முத்து மாதிரி இருக்கு. யார் கைவண்ணம்!”

“கண்ணால பாக்காதண்ணே. விரலால பாரு.”

கட்டைவிரல் ஒரு சுற்று சுற்றி நின்றது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“எல்லாமே இப்படியா?”

“முக்கால்வாசி.”

“எங்க போட்ட?”

அவள் தலை பீப்பாய்ப் பக்கம் திரும்பியது.

“அறிவு இருக்கா உனக்கு? குழம்பு இறுகிக் கத்தரி சிக்கினா, அங்க நிக்கிறவன் மேல தெறிக்கும்டி.”

“உலைய விட்டா உனக்கு என்னண்ணே இருக்கு?”

“கண்ணு இருக்கு. மிச்சம் இருக்குற வரைக்கும் இருக்கட்டும்.”

கத்தரியை நிறுத்தினார். பீப்பாயில் கைவிட்டு, தடவித் தடவித் தழும்புக் கோலிகளைச் சட்டைப்பை நிறைய எடுத்துக்கொண்டார். அவள் கையைப் பிடிக்க வந்தாள்.

“விடு. வழி தெரியும்.”

ஒரு கையால் சுவரைத் தொட்டபடி சூப்பர்வைசர் அறைக்கு நடந்தார். நடக்க நடக்கப் பையிலிருந்து கோலிகள் கலகலத்தன. கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் தனியாக வெளியே வந்தார். அவள் கையிலிருந்த கருப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு உலையின் திருகைத் திறந்து சூட்டைக் கூட்டினார். குழம்பு நன்றாகக் காய்ந்த பிறகு கத்தரி மறுபடி ஓடத் தொடங்கியது.

அவள் பலகைக்குத் திரும்பினாள். ஆறி வந்த கோலிகள் நேரே ஓடின. ஒன்றுகூட ஒதுங்கவில்லை. தன்னை நம்பாமல் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் சுற்றிலும் தடவினாள். வழவழவென்று இருந்தது. இன்னொன்றை எடுத்தாள்.