பதினாறு நாள் சைவம்

கெடா வேணாம் மாமா, அப்பாவுக்கு மொச்சைக் குழம்பு வெச்சுப் படைப்போம், வந்தவங்களும் அதையே சாப்பிடட்டும் என்று நான் சொல்லும்போது மொக்கச்சாமி மாமாவின் கையில் கயிறு இருந்தது, கயிற்றின் மறுமுனையில் கறுப்புக் கிடா பந்தலின் தென்னங்கீற்றை எட்டி எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது, பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் என் பக்கம் திரும்பினார்கள், அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், ஏனென்றால் விடியும்போதே, குழாயடியில் என் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்லியிருந்தாள், என்ன வேணா கேளுடி, வீட்டைக் கேளு, பாத்திரம் பண்டத்தைக் கேளு, எங்கண்ணன்கிட்ட இதை மட்டும் வாயத் தொறந்து கேட்டுறாத, பொறந்த வீட்டுக் கெடாவை வேணாம்னு சொன்ன வீடு வெளங்காது, நான் சரிம்மா என்றேன், சரி என்று சொன்ன வாய்தான் இது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை, வெறும் காய்தான், பதினாறாம் நாள் தாய்மாமன் கிடா கொண்டுவந்து வெட்டி, அந்தக் கறி வீட்டிலிருக்கும் எல்லார் வாயிலும் ஒரு துண்டாவது போனால்தான் தீட்டு கழியும், அதற்குப் பிறகு அழக்கூடாது, செத்தவர் செத்தவர்தான், இருக்கிறவர்கள் வேலைக்குப் போக வேண்டும். அந்த ஒரு துண்டு என் வாயில் போய்விட்டால் அப்பா முடிந்துபோவார், அதுதான் என் பயம், அதை எப்படிச் சொல்வது, கோயமுத்தூரில் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற, இந்த வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய எனக்கு அதைச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை, கெடா வேணாம் மாமா என்றுதான் வந்தது.

அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன், சங்கிலி என்றால் எல்லா மண்டியிலும் தெரியும், முட்டைக்கோஸ் மூட்டை, சௌசௌ மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு, தலையில் சும்மாடு, கழுத்து எப்போதும் கொஞ்சம் உள்வாங்கியே இருக்கும், சாயங்காலம் துண்டில் முடிந்து கொண்டுவருவார், ஓரம் வெடித்த கத்திரிக்காய், ஒடிந்த முருங்கை, விலைபோகாத பரங்கிக் கீற்று, அதையெல்லாம் அம்மாவும் நானும் தம்பி அழகுராஜாவும் சாப்பிடுவோம், அப்பா தொடமாட்டார், நாள் பூரா தலையில தூக்குனதை ராவுல தட்டுலயும் பாக்கணுமா என்பார், கருவாடோ முட்டையோ இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும், அவருக்குக் காய் என்றால் சுமை, கறி என்றால் கூலி. ஞாயிற்றுக்கிழமை தேக்கிலையில் மடித்த கறிப் பொட்டலத்தை அவரே வாங்கி வருவார், மற்ற நாளெல்லாம் தெருவோரமாகக் குனிந்து நடக்கிற மனிதர் அன்றைக்கு மட்டும் தெருவின் நடுவில் நடந்து வருவார், நாலு பேர் பார்க்கட்டும் என்று மெதுவாக, நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பொட்டலத்தைத்தான் நான் பிடுங்கப் பார்த்தேன். பிடுங்கச் சொன்னது டாக்டர், நெஞ்சில் அடைப்பு, ஆட்டுக்கறியை மறந்துருங்க பெரியவரே, காய், பயறு, கீரை, அதோட இருங்க என்றார், அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார், மார்க்கெட்டு வேலைய வீட்டுக்கும் எழுதிக் குடுத்துட்டாரு பாரு என்று.

எனக்கென்ன கஷ்டம், நான் கோயமுத்தூர் அறையில் கரண்ட் அடுப்பில் தனியாக ஆக்கித் தின்று பழகியவள், சம்பளம் வருவதும் தெரியாது போவதும் தெரியாது என்றிருந்த நாளில் ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையும் ஒரு கட்டுக் கீரையும்தான் என்னைக் காப்பாற்றின, முதலில் வேறு வழியில்லாமல், பிறகு ருசித்து, பிறகு அதுவே போதும் என்று, ஒரு நாள் இருந்தபடி இன்னொரு நாள் மாறிவிடவில்லை, மெல்ல மெல்லத்தான் மாறினேன், ஆனால் அப்பாவிடம் வரும்போது அதை மறந்துவிட்டேன், லீவு போட்டு வந்த முதல் வாரத்திலேயே ஓட்ஸ், பச்சைப் பூக்கோசு, பெயர் தெரியாத விதைகள், கடையில் பளபளவென்று அடுக்கியிருந்ததையெல்லாம் வாங்கி வந்து போனில் செய்முறை பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன், அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார், ஏன்டி, இதைத் தொட்டியில ஊத்துனா எருமைகூட மூஞ்சியத் திருப்பிக்கும், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கு ஆத்திரம், இவ்வளவு காசு போட்டு வாங்கியது என்று கத்தினேன், அதுக்கு ரெண்டு கிலோ கறி எடுத்திருக்கலாமே என்றான் தம்பி. அந்த ஆத்திரம் அடங்கிய பிறகுதான் புத்தி வந்தது, கடையில் வாங்குவதை விட்டேன், துண்டு முடிச்சை அவிழ்த்தேன், என்னவெல்லாம் இருந்தது அதில், பலாக்கொட்டை, வாழைப்பூ, சேனைக்கிழங்கு, பச்சை மொச்சை, பாதி விலைக்கும் கீழே, பல நாள் சும்மாவே வந்தது. முதலில் திங்கட்கிழமை மட்டும், பிறகு வியாழனும், கறி வைக்கிற நாளில் பாதி கறி பாதி மொச்சை, அம்மா கறிக்கு அரைக்கிற அதே மசாலாதான், சின்ன வெங்காயம் வதக்கி, சோம்பு, மிளகு, மல்லி, கசகசா, தேங்காய், நல்லெண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை விடாமல் கிண்டி, அதில் மொச்சையையும் கத்திரிக்காயையும் போட்டால் அடுப்படி முழுக்க ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாதத்தில் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய், இன்னொரு வாய், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, ஏன் பேச்சி, இத்தனை வருசமா நான் ஆட்டைத் தின்னேனா நீ அரைச்சதைத் தின்னேனா என்று கேட்கிறார், அம்மா அந்த வயதில் வெட்கப்படுகிறாள். முருங்கைக்காயை வாயில் வைத்து உறிஞ்சி, கண்ணைச் சிமிட்டி, நல்லி நல்லா வெந்துருக்குடி என்கிறார், சேனைக்கிழங்கை மிளகாய்ப் பொடி தடவி தோசைக்கல்லில் வறுத்துப் போட்டால், முள்ளில்லாத மீனு, கெழவனுக்கு ஏத்தது என்கிறார், அவர் சிரிக்கிறார், நாங்கள் சிரிக்கிறோம், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே கறி இல்லாமல் போயிற்று, பரங்கிக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், அப்பாவே போதும்டி என்று சொல்லிவிட்டார், மதியம் பக்கத்து வீட்டுக் கோட்டையம்மா அக்கா வாசற்படியில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, யாருத்தா போயிட்டா, சொல்லிவிடலையே என்றாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து சாம்பார் வாசம் வந்தால் அந்தத் தெரு அப்படித்தான் கேட்கும், அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நான் சிரித்துவிட்டேன், அம்மா சிரிக்கவில்லை, கரண்டி கையிலிருக்க அப்படியே நின்றாள், உள்ளே கட்டிலில் நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்திருக்கிற மனிதரைப் பார்த்தாள், மறுநாள் காலையில் அவளே கடைக்குப் போய்க் கறி எடுத்து வந்தாள். நான் கத்தினேன், கொல்லப் பாக்குறியாம்மா, படிக்காத கூட்டம், மூடநம்பிக்கை, என்னென்னவோ சொன்னேன், அம்மா கத்தவில்லை, நீ படிச்சவ, உனக்கு ஒண்ணொண்ணுக்கும் பேரு தெரியும், எனக்கு வாசம்தான்டி தெரியும், இது எழவு வாசம், எம் புருசன் உசுரோட இருக்கையில எழவுச் சோறு ஆக்க மாட்டேன், இந்த வீட்டுக்கு எமனை நானே பாய் விரிச்சுக் கூப்புட மாட்டேன் என்றாள், அது பிடிவாதம் என்று நினைத்தேன், அது பயம், பயம்கூட இல்லை, அவளுக்குத் தெரிந்த வகையில் அவள் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த அப்பா, ரெண்டு பேரும் ஊத்துங்கத்தா, ரெண்டையும் தின்னுட்டுப் போறேன் என்றார், தட்டின் இந்தப் பக்கம் மொச்சை, அந்தப் பக்கம் கறி, இரண்டையும் தின்றார், யாரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர், நான் பஸ் ஏறிவிட்டேன், கோபத்தில் போன் பேசவில்லை, அப்புறம் பேசினேன், என்ன சாப்பிட்டீங்க என்று மட்டும் கேட்கவில்லை, கேட்டால் சண்டை வரும் என்று.

மார்க்கெட்டில்தான் போனார், முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, கறியாலதான் என்று சொல்ல முடியாதும்மா, வயசு, பீடி, தலையில தூக்குன பாரம், எல்லாம் இருக்கு என்றார் டாக்டர், நானும் கறிதான் கொன்றது என்று சொல்லவில்லை, யாரும் என் வாயில் அதைத் திணிக்க வேண்டாம். நான் சொல்வது வேறு, அன்றைக்கு ராத்திரியிலிருந்து இந்த வீட்டில் காய்தான், அப்பாவோடு மூட்டை தூக்கியவர்கள் மண்டி மண்டியாகக் கேட்டுச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து இறக்கினார்கள், பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், வீடு நிறையச் சொந்தக்காரர்கள், ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை, எருமை தின்னாது என்று யாரும் சொல்லவில்லை, மாமா மொச்சைக் குழம்பை மூன்றாம் தடவை ஊற்றச் சொல்லி, யாரு வெச்சதுத்தா இது என்கிறார், எம் மக சொல்லிக் குடுத்தது என்கிறாள் அம்மா, தம்பி முருங்கைக்காயை உறிஞ்சுகிறான், அப்பாவைப் போலவே கண்ணைச் சுருக்கி, அந்த மனிதர் செத்த பிறகு அவருக்காகப் பதினாறு நாள் தின்ன முடிந்ததை, அவர் இருக்கும்போது அவரோடு உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குமேல் தின்ன முடியவில்லையா நம்மால், யாரிடம் கேட்பது இதை. நேற்றைக்கு அம்மாவும் நானும் அடுப்படியில் மீந்த காயையெல்லாம் ஒன்றாக நறுக்கினோம், பரங்கி, மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, எல்லாம் ஒரே சட்டியில் கொதித்து ஆவி முகத்தில் அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது, அம்மா, இது பொங்கக் குழம்பும்மா, தைப்பொங்கல் அன்னைக்கு வாசல்ல வெச்சுச் சூரியனுக்குப் படைக்கிற அதே பலகாய்க் குழம்பு, அன்னைக்கும் கறி கெடையாது, அன்னைக்கு யாரும் எழவு வாசம்னு சொல்றதில்லையே என்றேன். அம்மாவின் கை நின்றது, சட்டிக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெதுவாக, அடியே, இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, டாக்டர் சொன்னாரு டாக்டர் சொன்னாருன்னு நின்னியே, பொங்கச் சோறுன்னு சொல்லியிருந்தா நான் தினமும் ஆக்கியிருப்பேனேடி என்றாள், சொல்லிவிட்டுக் கிளறத் தொடங்கினாள், அடி பிடித்துவிடும் என்று. நான் வருசா வருசம் அந்தக் குழம்பைத் தின்றவள்தான், எனக்கு அது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை, புரதம் தெரிந்தது, கொழுப்பு தெரிந்தது, பொங்கல் தோன்றவில்லை.

அதனால்தான் இன்றைக்குக் கேட்டேன், மாமா கெட்டவர் இல்லை, அப்பாவின் பாடையில் முன்கால் பிடித்தவர், ஆனால் சபையில் கேட்டுவிட்டேன், அவர் கயிற்றைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, ஏத்தா, உங்கப்பன் என்ன சாமியாராப் போயா செத்தான், கறி தின்னு மூட்டை தூக்குன ஆம்பளைடி, அவனுக்குப் புல்லும் பூண்டும் படைச்சு அனுப்பச் சொல்றியா, எந்தங்கச்சி புருசனுக்கு ஒரு கெடா வெட்ட எனக்கு வக்கில்லைன்னு ஊரு பேசவா, காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா என்றார், பந்தலில் ரெண்டு பேர் சிரித்தார்கள், கடைசியா அவருக்குப் புடிச்சது அதுதான் மாமா என்றேன், சங்கிலிக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாதா என்றார், அக்கா, போதும்க்கா என்றான் தம்பி, கிடா கத்தியது, நான் உள்ளே போய்விட்டேன். மதியம் இலை போட்டாகிவிட்டது, மசாலா வாசம், அதே மசாலாதான், மாமா ஒரு துண்டை எடுத்து அம்மாவின் வாயருகே கொண்டுபோகிறார், அம்மா வாயைத் திறக்கிறாள், மெல்லுகிறாள், கண்ணிலிருந்து வழிகிறது, விழுங்கிவிட்டாள், எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை, அவள் இந்தத் தெருவில் இருக்க வேண்டியவள், தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டியவள், அப்பா அவளுக்கும் முடிந்துபோனார் என்று ஊர் முன்னால் காட்ட வேண்டியவள். பிறகு அவளே கறியும் சோறுமாக ஓர் உருண்டை பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள், ஒரு வாய்டி, அம்மாவுக்காக, நீ திங்காட்டி தீட்டு வீட்டுலயே நிக்கும்டி, தம்பி இருக்கான்டி என்கிறாள், அவள் பயம் பொய்யில்லை, அதை ஒரு தடவை மிதித்துவிட்டேன், இன்னொரு தடவை மிதிக்க மாட்டேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தாழ்த்தினேன், தீட்டு வீட்டுல நிக்காதும்மா, நான் எடுத்துட்டுப் போறேன் என்றேன், அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று, பின்னாலிருந்து மாமா, திங்காமப் போனா வருசம் திரும்புற வரைக்கும் இந்த நடை ஏற முடியாது, தெரியும்ல என்றார், தெரியும் மாமா என்றேன், தெரிந்துதான், விடிகாலையில் குழாயடிக்குப் போவதற்கு முன்னாலேயே, யாரிடமும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, என் பையை எடுத்து வெளிச்சுவர் ஓரத்தில் வைத்திருந்தேன். சாப்பிடுகிற வரிசையைத் தாண்டி நடக்கிறேன், யாரும் இலையிலிருந்து நிமிரவில்லை, பையை எடுத்துத் தோளில் போடுகிறேன், அம்மா கூப்பிடவில்லை, கூப்பிட்டால் நான் எடுத்துப்போகிற தீட்டு வீட்டுக்குள் திரும்பி வந்துவிடும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பாள், நானும் திரும்பிப் பார்க்கவில்லை.