பக்கவாசல் படிக்கல்

பழைய பாதிரியார் பங்களாவுக்கு இரண்டு வாசல். தூண் வைத்த முன்வாசல் அந்தக் காலத்தில் குதிரைவண்டியில் வந்தவர்களுக்கு. ஞானஸ்நானம், சவ அடக்கம் என்று கையெழுத்துக்கு வந்த ஊர்க்காரர்களுக்குப் பக்கவாசல். அது நேரே பாதிரியார் எழுதும் அறைக்குள் போகும். சேற்றுப் பூட்ஸ் வீட்டுக்குள் வரக்கூடாது என்றே அப்படிக் கட்டியது. அதன் படிக்கல் நடுவில் கிண்ணம்போலத் தேய்ந்திருந்தது.

பங்களாவை வாங்கி மூன்று வருஷமாக இழைத்துக்கொண்டிருந்த இமோஜென் அம்மாளுக்கு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்குவது பிடிக்கவில்லை.

"புரட்டிப் போட்டுடலாமா, ரெஜ்?"

"போடலாம் மேடம். ஒரு கல்லுக்கு ரெண்டு ஆயுசு."

"மேடம்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது."

"சரிங்க மேடம்."

கொத்தனார் ரெஜ் டாஸ்கர் கடப்பாரையால் நெம்பினார். சுண்ணாம்புச் சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. கல் புரண்டது. அடியில் கோணல்மாணலாக எழுத்து: கெசையா டாஸ்கர், வயது நான்கு.

குவாரியில் உழைத்த ரெஜ்ஜின் பாட்டன், செத்த மகளுக்குத் தானே கல் செதுக்கி நட்டதாக வீட்டில் சொல்வார்கள். கல்லறைத் தோட்டத்தில் அப்படி ஒரு கல் இல்லை. அதனால் இந்தக் கதையைக் கேட்டு, கூலிக்காரன் வீட்டுக்குக் கல்லறைக் கல்லா என்று ஊர் சிரித்தது. அனுமதி கேட்காமல் நட்ட கல்லை அன்றைய பாதிரியார் பிடுங்கி எங்கே போட்டார் என்பது இப்போது தெரிந்தது. ரெஜ்ஜின் அப்பா செத்தபோது அம்மா கையெழுத்துக்காக மழையில் நின்றதும் இதன்மேல்தான்.

"இது எங்க வீட்டுப் பிள்ளை. சர்ச் தோட்டத்துல வச்சுடறேன். பதிலுக்கு நல்ல கல்லு நானே கொண்டாந்து போடறேன்."

இமோஜென் எழுத்தைத் தடவினாள். கண் கலங்கியது உண்மைதான்.

"பாவம் குழந்தை. ஆனா இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம், ரெஜ். ஒரு ஆணியைக்கூட வெளியே எடுத்துட்டுப் போக முடியாது. உங்களுக்குத் தெரியாததா? எழுத்து மேல தெரியற மாதிரி போடுங்க. பக்கத்துல ஒரு விளக்கு வச்சா வர்றவங்க பாப்பாங்க."

"மிதிப்பாங்க."

"தாண்டி வரச் சொல்றேன்."

விளக்கு வாங்கக் காரில் போனாள்.

நாற்பது வருஷத்தில் ரெஜ் பழங்கல்லுக்குச் சிமெண்ட் தொட்டதில்லை. அடுத்து வரும் கொத்தனார் உடையாமல் எடுக்கத்தான் சுண்ணாம்பு என்று மற்றவர்களைத் திட்டிய வாய் அது. இன்று வேனிலிருந்து சிமெண்ட் மூட்டையை இறக்கி, கெட்டியாகக் குழைத்தார். எழுத்து கீழே, பள்ளம் மேலே.

சாயங்காலம்தான் இமோஜென் திரும்பினாள்.

"எழுத்து எங்கே?"

"இருந்த இடத்துல."

"எடுங்க."

"சிமெண்ட் பிடிச்சிடுச்சு. எடுத்தா உடையும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

"நாளையிலேர்ந்து வராதீங்க."

அவருடைய கோட்டு உள்ளே அந்த அறையில் தொங்கியது. எடுக்க அந்தப் படியைத்தான் மிதிக்கவேண்டும். முன்வாசல் வழியாகப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை. கோட்டை விட்டுவிட்டுத் தூறலில் வேனை நோக்கி நடந்தார்.