வலிக்கல டீச்சர்

எட்டாம் வகுப்புக்கு விளையாட்டுப் பீரியடு வந்தால் மற்றவர்கள் மைதானத்துக்கு ஓடுவார்கள். பட்டாசு மட்டும் வகுப்பறையிலேயே இருந்து எல்லாருடைய பைகளுக்கும் காவல் காப்பாள். வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பதால் வந்த பெயர் அது. பிறவியிலேயே தண்டுவடத்தில் கோளாறு. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சக்கர நாற்காலியில்தான் எல்லாம். அவள் பைகளைப் பார்த்துக்கொள்வதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. அவளுக்குக் குறை உண்டா என்று கேட்டவர்களும் இல்லை.

புதிதாக வந்த விளையாட்டு டீச்சர் கேட்டார்.

"கிரவுண்டுக்கு வந்து நான் என்ன பண்ணட்டும்? ஸ்கோர் எழுதவா? அதுக்கு இந்தப் பைங்களே தேவல, கத்தாது" என்றாள் பட்டாசு.

டீச்சருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவளை மற்றவர்களைப் போல நிற்க வைக்க முடியாது. மற்றவர்களை அவளைப் போல உட்கார வைக்கலாமே என்று தோன்றியது. பள்ளியின் பெரிய ஹாலில் வாலிபால் வலையைத் தாழ்வாக இறக்கிக் கட்டினார். எல்லாரும் தரையில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும், கையை ஊன்றி நகரலாம், இடுப்பு மேலே எழும்பினால் தவறு என்று விதி சொன்னார்.

முதல் நாள், வகுப்பிலேயே மிக வேகமாக ஓடும் பையன்கள்கூட மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி உருண்டார்கள். சக்கரத்தைத் தள்ளித் தள்ளி உரமேறிய பட்டாசின் கை அடித்த பந்தோ யாருக்கும் அகப்படவில்லை. சில வாரங்களில், அவள் எந்த அணிக்கு என்பதில் அடிதடி நடக்கும் அளவுக்கு ஆனது. நாற்காலியிலிருந்து இறங்கி ஆடுவது வீட்டுக்குத் தெரியுமா என்று டீச்சர் ஒருமுறை கேட்டபோது, அம்மா சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். டீச்சர் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

ஒருநாள் ஆட்டம் முடிந்து அவளை நாற்காலியில் ஏற்றும்போது பாவாடையின் பின்பக்கம் சிறிய ரத்தக்கறை இருப்பதை டீச்சர் கவனித்தார். சிமென்ட் தரையில் இழுத்து நகர்ந்ததில் தோல் உராய்ந்திருந்தது.

"என்னடா இது, காயமா?"

"வலிக்கவே இல்ல டீச்சர்" என்று சிரித்தாள்.

டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது. மருந்து போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவளுடைய அம்மா, தெரியாமல் புண் ஏதும் வந்திருக்கிறதா என்று மகளின் முதுகையும் இடுப்பையும் தினமும் பார்ப்பது வழக்கம். காயம் தெரிந்தால் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று பட்டாசுக்குப் பயம். பெரிய பெண்ணாகிவிட்டேன், இனி நானே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். அம்மாவும் அவளுடைய வெட்கத்துக்கு மரியாதை கொடுத்து விலகி நின்றார். காயத்தோடேயே அவள் தொடர்ந்து விளையாடினாள். ஒருநாள் காய்ச்சல் அனலாகக் கொதித்து, நினைவு தப்பிய பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. புண் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

டீச்சர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வராந்தாவில் அம்மா நின்றிருந்தார். டீச்சர் ரத்தக்கறையைப் பார்த்ததையும், வலிக்கவில்லை என்று அவள் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "வலிக்கலன்னு சொன்னாளா? அவளுக்கு அங்க எப்ப டீச்சர் வலிச்சிருக்கு?"



தலைமையாசிரியர் வலையைக் கழற்றச் சொல்லிவிட்டார். நல்லது செய்யப் போய்ப் பள்ளிக்கே வினையை இழுத்து வைத்ததாகக் கடிந்துகொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, பட்டாசு வாரக்கணக்கில் குப்புறப் படுத்தே கிடந்தாள். பார்க்கப் போன டீச்சரிடம் முதலில் கேட்டதே, வகுப்பில் இன்னும் விளையாடுகிறார்களா என்றுதான். நிறுத்தியாயிற்று என்றதும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புண் ஆறி வீட்டுக்கு வந்த பிறகும் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அம்மா கெஞ்சினார், திட்டினார், ஒருநாள் கை ஓங்கவும் செய்தார். திரும்பப் போய்ப் பைகளுக்குக் காவல் இருக்க முடியாது என்ற ஒரே பேச்சு. அவளுடைய தட்டில் சோறு தொடாமல் காய்ந்தது.

கடைசியில் அம்மாவே டீச்சரைத் தேடி வந்தார். "அவ உசிரோட இருக்கணும்னுதான் நான் இவ்ளோ நாளா காவல் காத்தேன். இப்ப உசிரோடதான் இருக்கா. ஆனா பொணம் மாதிரி இருக்கா. என்ன பண்ணலாம், சொல்லுங்க."

இந்த முறை டீச்சர் தானாக எதையும் முடிவு செய்யவில்லை. இருவரும் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பார்த்தார்கள். தடிமனான ஸ்பாஞ்ச் விரிப்பு, பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை, பாதிப் பீரியடு மட்டும் ஆட்டம், முடிந்ததும் தோலைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவர் வரிசையாகச் சொன்னார். இவ்வளவு செய்தாலும் புண் திரும்ப வராது என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். தலைமையாசிரியரிடம் அம்மாதான் பேசினார். தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு விளையாட்டு நாளும் வந்துவிடுவதாகச் சொன்னார். தலைமையாசிரியர் அரைமனதாகத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் டீச்சர் நன்றி சொல்ல வாயெடுத்தார். அம்மா தடுத்தார். "உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. என்னால இன்னும் முடியல."

"தெரியுதுங்க" என்றார் டீச்சர்.

மறுபடி வலை கட்டிய நாளில் பட்டாசு மெலிந்திருந்தாள். கையில் பழைய வலு இல்லை. முதல் இரண்டு பந்துகள் வலையைத் தாண்டவில்லை. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "என்ன, சாவு வீடா இது?" என்று சீறினாள். அதன்பிறகு கொஞ்சம் சத்தம் கிளம்பியது.

அம்மா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் எதிர்ப்புறம் நின்றார். பட்டாசு நகரும்போதெல்லாம் இருவர் கண்ணும் அவளுடைய இடுப்பிலும் விரிப்பின் ஓரத்திலும்தான் இருந்தன.

திடீரென்று ஹாலே அதிரும்படி ஒரு கூச்சல். பந்து எதிரணியின் கடைசி மூலையில் உருண்டுகொண்டிருந்தது. பட்டாசின் முகம் முழுக்க வியர்வை.

"பாத்தீங்களா டீச்சர்?"

டீச்சர் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவரும் பார்த்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இல்லடா, பாக்கல" என்றார் டீச்சர். "இன்னொரு தடவ அடி."