அம்மணி சொல்லாத வா

1

இந்தக் கதை விழுப்புரம் பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டுக்காரர் போனில் பொரிந்துகொண்டு வந்தார்: "அவங்க வூட்டுக்குப் போனா, வான்னு ஒரு வார்த்த கூப்புடல." அவ்வளவுதான். மீதி நான் இட்டுக்கட்டியது. (ஒரு சொல்லைத் தவிர.)

2

‘மன்னிப்பு என்பது மனித மனத்தின்…’

அடித்துவிட்டேன். விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? அங்கே மன்னித்தவர்கள் வாசலில் நிற்பவனை வா என்பார்கள். மன்னிக்காதவர்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

கண்ணையன் திண்டிவனத்தில் மினிவேன் ஓட்டுகிறவன். கெடாரில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டை ஏற்றிக்கொண்டு, பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தான். பின்னால் நின்றது பெரியதம்பி. [இங்கே ஒரு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன்.] கேஸ் முடிந்த பிறகும், பொங்கலுக்குப் பொங்கல், பெரியதம்பியின் மனைவி அம்மணியின் வாசலில் போய் நிற்பான். அவள் துரத்தியதில்லை. வா என்றதும் இல்லை. நின்று பார்த்துவிட்டு, "வர்றேன்க்கா" என்று கிளம்புவான். பாவம், அந்த ஒரு சொல்லுக்காக உயிரை விடவும் தயாராக இருந்தான்.

3

அம்மணி இறந்துபோனாள். (அவளைச் சாகடித்திருக்க வேண்டாமோ என்று இப்போது படுகிறது.)

சாவு வீட்டில் யாரும் யாரையும் வா என்பதில்லை. கிளம்புகிறவரும் வர்றேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து போக வேண்டும். கண்ணையனுக்குத் தெரியாததா? உச்சி வெயிலில், உள்ளே போகாமல், மாலையை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினான். பழகிய வாய், தவறிவிட்டது.

"வர்றேன்க்கா."

மேளம் நின்றிருந்த நேரம்.

"வா."*

* நான் எழுத உட்கார்ந்தது, ‘வாசலில் இருந்தவர்கள் முறைத்தார்கள்’ என்ற வாக்கியம். முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. மேற்கோள் குறியை நான் போடவில்லை.

4

தலைமாட்டில் இருந்த மகள் வெண்ணிலா அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "எங்கம்மா உன்னத்தாண்ணா கூப்புடுது" என்றாள்.

முடிவு ஒன்று: மன்னிப்பு கிடைத்துவிட்டது, அழுதுகொண்டே உள்ளே போகிறான்.

முடிவு இரண்டு: உள்ளே போகிறான், அவளோடுதான் வெளியே…

வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணையன் இன்னும் பந்தலடியில்தான் நிற்கிறான். காலமெல்லாம் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. போகாமல் இருக்க அவனால் முடியாது. போகச் சொல்ல என்னால் முடியவில்லை. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களை வாசகரே என்று அழைத்து முடித்துவிடலாம் என்று தட்டத் தொடங்கினேன்.

"வா."