செத்தவர் கையெழுத்து

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க தாத்தா" என்று விக்ரா தாளை மேசைமேல் தள்ளினாள்.

அதை மட்டும் கேட்கக் கூடாது என்று முற்றத்திலேயே சொல்லியிருந்தாள் கிழவரின் மகள் ரூமியானா. குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைக்க, குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். "தோட்டத்தப் பத்திக் கேளு, முழங்கால் வலியப் பத்திக் கேளு, விடியிற வரைக்கும் பேசுவாரு. கையெழுத்துன்னு வாயத் தொறந்துடாத. அன்னைக்குக் கட்சி ஆபீஸ்ல போட்டதுதான் கடைசி. பென்ஷன்கூட நான்தான் போய் வாங்குறேன்."

விக்ரா தேடி வந்தது ஆந்தன் வெத்ரோவின் வாரிசை. பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், கூழாக்கப் போட்டிருந்த குவியலிலிருந்து அவருடைய நாவலை எடுத்திருந்தாள். 'இருட்டு ஜாடிகள்.' வானத்தில் செயற்கைச் சூரியன்களைத் தொங்கவிட்டு இரவையே ஒழித்துவிட்ட ஒரு நகரம். அங்கே இருட்டு ரேஷனில் கிடைக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று வரிசையில் நின்று வாங்க வேண்டும். ஒருத்தி மட்டும் தன் பங்கைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து நிலவறையில் ஒளித்து வைக்கிறாள், குழந்தை கேட்டால் கொடுக்க. அந்த இடத்துக்கு வந்தபோது விக்ராவுக்குத் தன் அம்மா நினைவு வந்தது. செங்கல் சூளை வேலை முடிந்து வந்து, நடுநிசி வரை ஜாடிகளுக்கு மூடி இறுக்குகிற அம்மா. அவர்கள் வீட்டில் பள்ளிப் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை. வகுப்பில் பேராசிரியர்கள் புகழ்ந்த எந்த நாவலிலும் அம்மா இருந்ததில்லை. இதில் இருந்தாள். வேறு பிரதி எங்கும் இல்லை. இதிலும் பக்கங்கள் விரல் பட்டால் பொடிந்தன.

எழுதியவரோ அவர் வாரிசோ உயிரோடிருந்தால் கையெழுத்து வேண்டும், செத்து வாரிசும் இல்லையென்றால் அதற்கொரு அத்தாட்சி வேண்டும், இரண்டில் ஒன்று கொண்டு வந்தால் அச்சடிக்கிறேன் என்றாள் பதிப்பகத்துக்காரி. எழுத்தாளர் அகராதியில் வெத்ரோவ் 1979இல் இறந்தார் என்று போட்டிருந்தது. பிறந்த ஆண்டு இல்லை, ஊர் மட்டும் இருந்தது. அந்த ஊர் டான்யூப் நதிக்கரையில். வந்து இறங்கியதும் இந்த வீட்டு வாசல் கேட்டிலேயே கறுப்புக் கட்டம் போட்ட நினைவு நோட்டீஸ்: 'ஆந்தன் வெத்ரோவ் நம்மைப் பிரிந்து நாற்பத்தைந்து ஆண்டுகள்.' யாரோ மறக்காமல் ஒட்டுகிறார்கள் என்ற சந்தோஷத்தில்தான் உள்ளே நுழைந்தாள்.

ஒட்டியது செத்தவரேதான். வெத்ரோவ் என்பது இந்தக் கிழவரின், லைன்மேன் மெதோதியின், புனைபெயர் என்று முற்றத்தில் ரூமியானாதான் சொன்னாள். புத்தகத்தில் வருகிற வரிசை ரொட்டிக் கடை வரிசைதான் என்று கட்சியில் மேலே இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. இது குடிகாரன் உளறல் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு வந்து, புனைபெயருக்கு மரண நோட்டீஸ் அடித்துத் தெருவெல்லாம் ஒட்டினார். நிஜச் சாவு என்று நம்பி இரண்டு பேர், சாவு வீட்டுக்குக் கொடுக்கிற அவித்த கோதுமை கொண்டு வந்தார்களாம். அகராதிக்காரரும் நம்பிவிட்டார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு நோட்டீஸ்.

கிழவர் இன்னும் தாளைப் பார்க்கவில்லை.

"வாசல்ல ஒட்டியிருக்கேனே, படிக்கலியா? படிச்ச பொண்ணுன்னு சொன்னா எம் மக."

"படிச்சேன். நீங்க சாகல. பயந்துட்டீங்க."

"அடியே" என்றாள் கதவருகில் வந்து நின்ற ரூமியானா.

"விடு. பயந்துட்டேன்தான்" என்றார் அவர் மகளிடம். "அப்ப உனக்கு இந்தப் பொண்ணு வயசு. ராத்திரி தூக்கத்துல சிரிப்பே. பயப்படாம என்ன பண்ணச் சொல்ற?"

விக்ரா இந்தப் பதிலுக்குத் தயாராக வரவில்லை. மறுப்பார், கத்துவார், திருப்பிக் கத்தலாம் என்று வழியெல்லாம் பஸ்ஸில் வார்த்தை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர்முன் வைத்தாள். அவர் அதைத் திறக்கவில்லை. அட்டைமேல் உள்ளங்கையை வைத்து, சுடுகிறதா என்று பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

பேனா தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளி மெல்லப் பெருத்துப் பரவியது, கை நகரவில்லை. நாற்பது வருஷம் மின்கம்பம் ஏறிய கை. அவர் இடதுகையால் வலதுகையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். மேசையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டியது.

"வர மாட்டேங்குதும்மா" என்றார். "வம்பு பண்றேன்னு நெனைக்காத. நான் போனப்புறம் இவகிட்ட வாங்கிக்கோ. ரொம்ப நாள் ஆகாது."

"வாய மூடுங்கப்பா."

யார்மேல் கோபப்படுவது என்று விக்ராவுக்குத் தெரியவில்லை. காத்திருப்பது என்றால் இந்த மனிதர் எப்போது சாவார் என்று காத்திருப்பது. ஒவ்வொரு குளிர்காலமும் போன் போட்டு, நல்லா இருக்காரா என்று கேட்பது. நல்லா இருக்கார் என்றால் வருந்துவது. அதற்குள் தாள் பொடிந்துவிடும். அவள் புத்தகத்தைப் பையில் வைத்தாள். மைப்புள்ளி விழுந்த தாளை அவரிடமே விட்டாள்.

"வரேன் தாத்தா."

"ஒரு ஜாடி எடுத்துட்டுப் போ" என்றார். "மிளகாதான்."

எடுத்துக்கொண்டாள். முற்றத்தைக் கடந்து கேட்டருகே வந்ததும் ஜாடியைத் தரையில் வைத்தாள். நோட்டீஸ் அன்று காலைதான் ஒட்டியது; பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. மேல் மூலையில் நகத்தைக் கொடுத்து, கிழியாமல், மெதுவாக உரித்தாள். செத்த தேதி இருந்தது. வாரிசு பெயர் இல்லை. பதிப்பகத்துக்காரி கேட்ட அத்தாட்சி. திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் கிழவர் நின்றிருந்தார். கூப்பிடவில்லை. கையும் அசைக்கவில்லை.

நோட்டீஸைச் சுருட்டிப் புத்தகத்தோடு வைத்தாள். ஜாடியை இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.