லியோனின் புதுச் செயின்

எங்கள் கடையில் மோட்டார் சைக்கிள் வேலை செய்வது அண்ணையல்ல, தங்கச்சி நான்தான் என்று சுன்னாகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடைக்கும் முற்றத்துக்கும் நடுவே தென்னோலைக் கிடுகுத் தட்டி ஒன்று கட்டியிருக்கிறது. வண்டியை அண்ணை தட்டிக்குப் பின்னால் உருட்டி வருவார். நான் குந்தியிருந்து வேலையை முடிப்பேன். பிறகு அவரே உருட்டிக்கொண்டு போய்க் கொடுப்பார். ஆழ்வாப்பிள்ளை கடை என்றால் நம்பி விடலாம் என்று சனங்கள் சொல்லும்போது நான் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

முன்பு எல்லாம் அண்ணைதான் செய்தார். வழக்குப் பேசும் பிறக்கிராசி இராசசிங்கத்தாரின் மகன் லியோன், தன் மோட்டார் சைக்கிளை எங்கள் ஒழுங்கைக்குள் பறக்கவிட்டு, வேலியோரம் வந்துகொண்டிருந்த அண்ணையை அடித்து விழுத்தினான். இடது முழங்கால் நொறுங்கிப் போயிற்று. மகனுக்காகக் கோட்டில் பேசிய பிறக்கிராசியார், அண்ணை கள்ளு வெறியில் நடு ஒழுங்கையில் நின்றதாகச் சொன்னார். அண்ணை கள்ளை வாயில் வைத்தவரல்ல. வழக்குத் தள்ளுபடியாயிற்று. முழங்கால் மடங்காதவரால் குந்த முடியாது. குந்தாமல் செயின் பூட்ட முடியாது. அதனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்காக நான் அழவில்லை. கோட்டால் வந்த அன்று அண்ணை தன் வாயை மற்றவர்களுக்கு ஊதிக் காட்டி, "மணக்குதோ பாருங்கோ" என்று கேட்டாரே, அதை நினைத்துத்தான் அழுதேன்.

இப்போது அதே லியோன் அதே வண்டியை உருட்டிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்து நின்றான்.

"என்ன ஆழ்வார், சுகமோ?"

அண்ணை அந்த வண்டியைப் பார்த்தார். பக்கத்து வெதுப்பகத்துச் சூசைதாசன் கடை வாங்கில் உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். அவரும் புகையை விடாமல் பார்த்தார்.

"பின்னேரம் காங்கேசன்துறைக் கடற்கரையிலை மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி. ராசாவின்ரை முடிசூட்டுக் கொண்டாட்டம். வெள்ளிக் கிண்ணம் குடுக்கினம். புதுச் செயின் இப்பதான் கொழும்பாலை வந்தது. பட்டணத்திலை ஒரு கடையும் திறக்கேல்லை. பூட்டித் தா."

"என்னட்டையோ?"

"கோட்டுக் கதை கோட்டோடை போயிட்டுது. அதை இன்னும் சுமந்துகொண்டு திரியிறியோ?"

அண்ணை வண்டியைப் பிடித்தார். தட்டிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

நான் பழைய செயினின் முனையில் புதியதைக் கொளுவி இழுத்தேன். முன் பல்லுச் சக்கரத்தைச் சுற்றி அது தானாக வந்தது. பின் அச்சின் நட்டுகளைத் தளர்த்தி, இரண்டு பக்கத் திருகாணிகளையும் ஒரே அளவாகத் திருப்பிச் சில்லைப் பின்னுக்குத் தள்ளினேன். கீழ்ச் செயினை நடுவில் பிடித்து அசைத்தால் அரை அங்குலம் ஆட வேண்டும். மணலில் ஓடும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூட விட வேண்டும். பல்லுகளுக்குள் மணல் ஏறினால் செயின் இறுகிக்கொண்டே போய் அறுந்துவிடும். ஒரேயடியாகத் தளர விட்டாலோ பல்லை விட்டுக் கழன்று சில்லில் சிக்கும். சில்லை மெல்லச் சுற்றி, செயின் எந்த இடத்தில் ஆக இறுக்கமாக நிற்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே வைத்து அளந்தேன். என் பெருவிரல் தடிப்புக்கு ஆடியது. அண்ணைகூட அதைவிடச் சரியாக வைத்திருக்க மாட்டார்.

வேண்டுமென்றுதான் அதைச் சரியாக வைத்தேன். செயினின் ஆட்டத்தை லியோன் விரலால் தட்டிப் பார்ப்பான். கிளிப்பைப் பார்க்க மாட்டான்.

செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கண்ணியின்மேல் சின்னக் கிளிப்பு ஒன்று போடுவோம். லாடம் மாதிரி, ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் பிளந்திருக்கும். செயின் ஓடும் திசைக்கு மூடிய பக்கம் இருக்க வேண்டும். மாறிப் போட்டால், ஓட்டத்தில் எதிலாவது பிளந்த வாய் தட்டி, கிளிப்பு கழன்று, செயின் சில்லுக்குள் போய்விடும். வேகமாக ஓடும்போது சில்லு இறுகினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுடைய இடது முழங்காலை நினைத்துக்கொண்டேன். அதுதான் எனக்கு வேண்டும்.

மாறிப் போட்டேன். குறட்டால் அமத்தியபோது கிளிப்பு டக்கென்று இருந்தது.

அண்ணை வந்து வண்டியை முன்னால் கொண்டுபோனார். நான் தட்டியின் கிழிசலில் கண்ணை வைத்தேன். நினைத்தபடியே லியோன் செயினைத் தட்டிப் பார்த்தான்.

"கூட ஆடுதே?"

"மணலுக்கு அவ்வளவு வேணும்."

"அப்ப ஏறி ஓடிக் காட்டு."

அண்ணை திகைத்தார். கால் போனபின் அவர் ஒரு மோட்டார் சைக்கிளிலும் ஏறியதில்லை. வண்டியின் சொந்தக்காரரே ஓடிப் பார்ப்பார்கள். அதை நம்பித்தான் நான் துணிந்தேன்.

"முந்தி வைரவர் கோயிலடி வரைக்கும் ஓடிப்பாத்துத்தானே தருவாய்? இப்ப பயமோ? இல்லாட்டி இண்டைக்கும் வெறியோ?" என்று லியோன் சிரித்தான்.

சூசைதாசன் பீடியை எறிந்துவிட்டு எழும்பினார். "தம்பி, வாயைப் பாத்துக் கதை."

"நீர் இரும், சூசை," என்றார் அண்ணை. அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மடங்காத காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். வலது காலால் உதைத்தார். வண்டி உறுமியது. சந்தைக்கு வந்த ஆம்பிளைகள் நாலைந்து பேர் பார்க்கக் கூடிவிட்டார்கள்.

கத்த நினைக்கும் முன்பே என் கால்கள் கிளம்பிவிட்டன. தட்டியைத் தள்ளிக்கொண்டு, கையெல்லாம் கிறீசோடு, அத்தனை ஆம்பிளைகளுக்கும் நடுவே ஓடிப்போய் வண்டியின் கைபிடியைப் பிடித்தேன்.

"இறங்குங்கோ அண்ணை."

அண்ணை என்னைப் பார்த்தார். இறங்கி, இயந்திரத்தை நிறுத்தினார். நான் மண்ணில் குந்தினேன். குறட்டால் கிளிப்பைக் கழற்றி, எல்லாரும் பார்க்க, திருப்பிப் போட்டேன். மூடிய பக்கம் முன்னுக்கு. அமத்திப் பார்த்தேன். சில்லை ஒருமுறை சுற்றிவிட்டேன். வண்டியில் இப்போது ஒரு பிழையும் இல்லை.

எழும்பியபோது லியோன் என் கறுத்த கையையும் பின்னாலிருந்த தட்டியையும் மாறிமாறிப் பார்த்தான்.

"இவளோ பூட்டினது? ஏய், இப்ப என்ன மாத்தினனீ?"

நான் குறட்டில் இருந்த கிறீசைத் துடைத்தேன்.

"முதல்லை பிழையாய் இருந்ததோ? தெரியாமலோ, தெரிஞ்சோ?"

பிறத்தியாரோடு பேச எனக்கு எப்போதும் நாக்கு எழும்பாது. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன். அன்று மட்டும் நாக்கு எழும்பியிருக்கும், நான்தான் விடவில்லை. அவனுடைய இடது முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆழ்வார், கேட்டுச் சொல்லு! இப்ப எல்லாம் சரியோ?"

"என்ரை தங்கச்சி ஆரோடையும் கதைக்க மாட்டாள்," என்றார் அண்ணை. "ஏறி ஓடிப் பாருமன். கடற்கரை வரைக்கும் நல்ல றோட்டு."

லியோனின் முகத்தில் வியர்வை அரும்பியது. கைபிடியைப் பிடித்தான். காலைத் தூக்கினான். பிறகு காலை இறக்கிவிட்டான். மதிய வெயிலில் சுன்னாகம் சந்தைக்கு நடுவால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

"தம்பி!" என்று சூசைதாசன் பின்னால் கத்தினார். "தள்ளுறதுக்கும் கிண்ணம் குடுக்கினமோ?"

மீன்காரிகள்கூடச் சிரித்தார்கள்.

பிறகு அண்ணை என்னிடம் மெல்லக் கேட்டார்:

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பியளோ?"

யோசித்தார். "விட்டிருப்பன். ஆனா ஏறியிருக்க மாட்டன்."

லியோன் அன்று போட்டிக்குப் போகவில்லை. மறுகிழமை பட்டணத்துக் கடைக்காரன் செயினைக் கழற்றிப் பார்த்து, ஒரு பிழையும் இல்லை, இவ்வளவு சரியாகப் பூட்டியதைத் தான் கண்டதில்லை என்றானாம். அது லியோனுக்குப் போதவில்லை. இப்போதும் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் வண்டியை மெதுவாக்கி, குனிந்து செயினைப் பார்க்கிறான். நிமிர்ந்து எங்கள் தட்டியைப் பார்க்கிறான். பிறகு வேலியோரமாக, நடக்கிற வேகத்தில் போகிறான்.

அவனுடைய வண்டிச் சத்தம் கேட்டால் நான் கிழிசலடிக்குப் போய் நிற்பேன்.