கப்பல் பார்த்த மாரியம்மன்

எங்கள் பக்கத்து மாரியம்மன் ஒருத்தி புளி லாரியில் ஏறி நூற்றுத் தொண்ணூறு மைல் போய், மெட்ராஸ் துறைமுகத்தில் பன்னிரண்டு மாடிக் கப்பல் ஒன்றுக்குத் திருஷ்டி கழித்து, அதை வழியனுப்பிவிட்டு ஊர் திரும்பினாள். கூடப் போனவர்கள் நாற்பத்தேழு பேர், இரண்டு பம்பை, ஒரு ஆட்டுக்குட்டி. ஏற்பாடு செய்தவன் நான்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை?

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஐந்து வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். "சுத்தப் பொய்" என்று பெஞ்சை விட்டு எழுந்து போகிறவர் ஒரே ஒருவர். அவர் பூசாரி ராமப்பன். அந்த மாரியம்மனுக்கே பூசாரி. கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர். ஊர்ப் பெயரை எழுதினால் அடிக்க வருவார், அதனால் எழுதவில்லை.

1954-இல் நான் ஒரு பஸ் கம்பெனியில் புக்கிங் குமாஸ்தா. ஓசூரில் ரயில் கிடையாது. இருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தையும் யுத்தகாலத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இது சீமைக்குத் தெரியுமா? "ஸ்டேஷன் மாஸ்டர், ஓசூர்" என்று விலாசமிட்டு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. போஸ்ட்மேன் ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். பிறகு, ஊரில் டிக்கெட் கிழிக்கிறவன் நான்தானே என்று என் மேஜையில் போட்டுவிட்டுப் போனான்.

எழுதியவர் மிஸஸ் எடித் ஹார்ட்லி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மத்திகிரியில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த துரையின் மகள். உல்லாசக் கப்பலில் உலகத்தைச் சுற்றி வருகிறாராம். ஏப்ரல் மாதம் கப்பல் மெட்ராஸில் மூன்று நாள் நிற்குமாம். கரையில் இறங்கிப் பார்க்கக் கப்பல்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம்: கோயில், மியூசியம், பாம்பாட்டி. "எனக்குப் பாம்பு வேண்டாம். என்னை வளர்த்த ஆயா பாப்பம்மாவைப் பார்க்க வேண்டும். நீங்கள் தனியாக ஏற்பாடு செய்ய முடியுமா?"

முடியுமாவா! "கடலைத் தவிர மற்றதெல்லாம் என் பொறுப்பு" என்று பதில் எழுதி, கீழே "ஸ்டேஷன் மாஸ்டர் (பஸ்)" என்று கையெழுத்துப் போட்டேன். பாப்பம்மாவை மூன்றே நாளில், அதே ராமப்பனின் ஊரில் கண்டுபிடித்தேன். என் திட்டம் கவர்னருக்குப் போட்ட மாதிரி இருந்தது. முதல் நாள் இரவு மெயிலில் அம்மாள் மெட்ராஸிலிருந்து பெங்களூர் வர வேண்டும். காலையில் நான் வாடகைக் காரோடு ஸ்டேஷனில் நிற்பேன். பகல் முழுக்கப் பாப்பம்மா. சாயங்காலம் பெங்களூர் திரும்பி, அதே மெயிலைப் பிடித்து மெட்ராஸ். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பும்போது அம்மாள் மேல்தளத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

காரில் வரும்போது அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். கப்பல்காரர்கள் கூட்டிப் போகிறவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்த ஏற்பாட்டில் போகிறவர்கள் தாமதமானால் காத்திருக்காது. அதே மாதிரி இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். காட்டிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

பத்து மணிக்கு ஊர் எல்லையில் கார் நின்றது. வழியெல்லாம் வேப்பிலைத் தோரணம், பம்பைச் சத்தம். கார்க்காரர் பெங்களூர்க் கன்னடத்தார். தோரணத்தைப் பார்த்தார், பம்பையைக் கேட்டார், எங்களை இறக்கிவிட்டார், "பர்த்தினி சாமி" என்று விடைபெற்று ஒரு கும்பிடு போட்டார். புழுதி அடங்குவதற்குள் காரைக் காணோம். ஏன் இப்படி ஓடுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்தது.

பாப்பம்மா கோயில் வாசலில் நின்றிருந்தாள். அறுபது வயது, பனைமரம் மாதிரி நேராக. அம்மாளைக் கண்டதும், "ஏ ஏடித்துப் பாப்பா! இன்னுமா நகத்தைக் கடிக்கிற?" என்று கையைத் தட்டிவிட்டாள். அம்மாளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் பாப்பம்மா சின்ன வயசில் திட்டிய திட்டுதான். அதையே திருப்பிச் சொல்லி, இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் சுற்றி நின்ற சனங்களுக்கு, இவர் யார், கப்பல் எவ்வளவு பெரிது, ஏற்பாடு செய்தவன் எப்பேர்ப்பட்டவன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் வாய் பேசிக்கொண்டே இருந்தது. இடையில் யாரோ "கையை நீட்டுங்கண்ணா" என்றார்கள். நீட்டினேன். பக்கத்தில் அம்மாளும் நீட்டினார். குனிந்து பார்த்தால் இரண்டு பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

காப்பு! எட்டு நாள் திருவிழா. காப்புக் கட்டிய கை, திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"ராமப்பா, அவுருப்பா!" என்றேன்.

"கட்டுன காப்ப அவுக்கறதா? ஏண்ணா, ஊருக்கு அம்மை வாத்தா நீங்க வந்து வேப்பிலை அரைப்பீங்களா?"

"இந்தம்மாவுக்கு நாளைக்குக் கப்பல்!"

"எட்டு நாள் கழிச்சிப் போவட்டும். கப்பலுன்னா நம்ம டவுன் பஸ்ஸு மாதிரி அடுத்தது வராதா?"

அன்றைப் பகலை நினைத்தால் இப்போதும் என் தொண்டை வறளும். வெயில் என்றால், அன்று கோழிகள் இட்டதெல்லாம் அவித்த முட்டை. நானும் அம்மாளும் காற்று வாங்குகிற மாதிரி எல்லைக் கல் பக்கம் நடந்தோம். பின்னால் முப்பது பேர் நடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கல்லுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, "மோர் சாப்பிடுங்கம்மா" என்றார்கள். தெற்கே போனோம், அங்கே பானகம். மேற்கே போனோம், அங்கே வெள்ளரிப் பிஞ்சு. ஜெயிலில் கம்பியாவது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இங்கே பார்த்த பக்கமெல்லாம் கும்பிட்ட கை.

நான் நைஸாக முடிச்சை நிமிண்டிப் பார்த்தேன். பாப்பம்மா என் கையில் ஒன்று போட்டாள்.

அம்மாளின் உடுப்பு, பாஸ்போர்ட், எல்லாம் கப்பலில். கையில் ஒரு கைப்பை, ஒரு காமிரா. லண்டனில் மகளுக்குப் பிரசவம். இந்தக் கப்பலை விட்டால் அதற்குள் போய்ச் சேர வழியில்லை. மணிக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தரம்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெயிலைப் பிடிக்கப் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியபோது கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டார். "கடலைத் தவிர மற்றதெல்லாம் என் பொறுப்பு" என்று எழுதியவன் நான்தானே? வேப்பமரத்தடியில், எழுதிய கையில் மஞ்சள் கயிற்றோடு உட்கார்ந்திருந்தேன்.

என்னைப்போல இன்னொருவரும் சிக்கியிருந்தார். லாரி டிரைவர் ஆஞ்சப்பன். மெட்ராஸுக்குப் புளி ஏற்ற வந்தவர். மூட்டை கட்டுகிற கயிறு கேட்டிருக்கிறார், காப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். "எட்டு நாள் வெயில்ல நின்னா புளியெல்லாம் வெல்லமா உருகிடும் சாமி" என்று டயரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி ராமப்பனிடம் போனேன். அவர் கரகத்துக்குப் பூச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மன் அந்தக் கரகத்தில்தான் இறங்கியிருக்கிறாள்.

"ராமப்பா, அந்த எல்லைக் கல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி நட்டா என்ன?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லுல என்னாண்ணா இருக்குது? எல்லைன்னா கல்லா? ஆத்தா எங்க நிக்கிறாளோ அதுதான் எல்லை!"

என் மூளையில் நூறு வாட் பல்பு எரிந்தது. ஓசூருக்கே அப்போது அவ்வளவு வெளிச்சம் கிடையாது.

"அப்ப ஆத்தா மெட்ராஸ் துறைமுகத்துல நின்னா, எல்லை எங்க?"

ராமப்பன் பூச் சுற்றுவதை நிறுத்தினார். ஆஞ்சப்பன் டயரிலிருந்து தலையை எடுத்தார்.

"அதெப்பிடி... ஆத்தா லாரியில..." என்று இழுத்தார் பூசாரி.

பாப்பம்மா முன்னால் வந்தாள். "டேய் ராமப்பா, நான் தூக்கி வளத்த புள்ள காலையிலருந்து வாயில சோறு வைக்கல. எம்புள்ளைக்கு வழி வுடாத ஆத்தா எனக்கு எதுக்குடா? கேளு அவளையே. பூ வச்சுக் கேளு."

அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூ வைத்தார்கள். வலது பக்கப் பூ விழுந்தால் சம்மதம். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு மட்டும் கொஞ்சம் பலமாக மூச்சு வந்துவிட்டது. வலது பூ விழுந்தது. அது தானாக விழுந்ததா என்பதை இந்த வயதில் என்னிடம் கேட்காதீர்கள்.

"ஆத்தா தனியாப் போவ மாட்டா. மேளம் வரணும்" என்றார் ராமப்பன். மேளம் வந்தால் மேளக்காரர் வீட்டார் வர வேண்டும். அவர்கள் வந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கோழி கூவும்போது பார்த்தால், புளி மூட்டைகள் மேல் நாற்பத்தேழு பேர். நடுவில் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ராமப்பன். அவருக்கு ஒரு பக்கம் பாப்பம்மா, மறுபக்கம் காமிராவோடு எடித் அம்மாள்.

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி. ஊருக்கு ஊர் ஜனங்கள் ஓடிவந்து லாரிக்குத் தேங்காய் உடைத்தார்கள். வேலூரில் ரேடியேட்டர் கொதித்தது; அம்மனுக்கு வைத்திருந்த மஞ்சள் தண்ணீரை ஊற்றினோம். அதற்குப் பிறகு லாரி ஓடவில்லை, பறந்தது. ஒரு பஸ்ஸைத் தாண்டினோம். பார்த்தால் எங்கள் கம்பெனி பஸ். நான் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருந்தேன்.

துறைமுக வாசலில் நாலே முக்கால். காவல்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு கையை நீட்டினார். "யாருய்யா நீங்க? சாமியெல்லாம் உள்ள வரக் கூடாது."

நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். பூசாரி தெலுங்கில் ஆரம்பித்தார். கப்பல் உள்ளே உறுமியது. அப்போது எடித் அம்மாள் மூட்டை மேல் எழுந்து நின்று, தான் கற்ற தமிழையெல்லாம் அவிழ்த்துவிட்டார்: "தள்ளு கழுதே! மூக்கு நோண்டாதே! ஓடு!"

காவல்காரர் தள்ளி நின்றார். கழுதைகூட அவ்வளவு சீக்கிரம் தள்ளி நிற்காது.

கப்பல் ஏறுகிற படியைத் தூக்குவதற்காக ஆட்கள் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். அம்மாள் ஓடவில்லை. கரகத்துக்கு முன்னால் வந்து கையை நீட்டினார். ராமப்பன் கடலைப் பார்த்தார், கரகத்தைப் பார்த்தார், "ஆத்தாளே வந்து வழி வுட்டுட்டா, இனிமே கயிறு எதுக்கு?" என்று முடிச்சை அவிழ்த்தார். பாப்பம்மா அம்மாளின் முகத்தை ஒரு தரம் துடைத்துவிட்டு, "நகத்தைக் கடிக்காத. போ" என்றாள். அம்மாள் படியேறி முடித்ததும் படி மேலே போனது. ராமப்பன் எலுமிச்சம்பழத்தைக் கப்பலைப் பார்த்துச் சுற்றி நசுக்கி எறிந்தார். பம்பை முழங்கியது. கப்பல் பதிலுக்கு ஊதிய ஊதலில் ராமப்பனுக்கு அருள் வந்து, துறைமுகத்துக் கூலிகளெல்லாம் திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊருக்குத் திரும்புகிற வழியில், ஆம்பூர் தாண்டி லாரி நின்றபோது, ராமப்பன் எல்லாரையும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். ஆத்தாளை எல்லை தாண்டிக் கொண்டுபோனது வெளியே தெரிந்தால், மழை தப்பினாலும் மாடு செத்தாலும் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் தன் தலையைத்தான் உருட்டும் என்று அவருக்குப் பயம். மற்ற எல்லாரும் சத்தியம் செய்தார்கள். நான் லாரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதாவது, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஐந்து வருஷமாக நான் சொல்கிறேன், அவர் மறுக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் இருந்தது. நான் கதையை ஆரம்பித்தேன். துறைமுகம் வந்ததும், கொஞ்சம் மாற்றினேன்.

"கடலைப் பாத்ததும் பூசாரிக்குக் கால் நடுங்கிடுச்சு. புளி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டாரு. கரகத்தையே கீழ வச்சிட்டாரு. எலுமிச்சம்பழம் சுத்துனது ஆஞ்சப்பன். ஏழு சுத்து!"

ராமப்பனின் டீ கிளாஸ் பெஞ்சில் டொக்கென்று உட்கார்ந்தது.

"யோவ் புக்கிங்காரரே! யாருய்யா ஒளிஞ்சது? லாரி ஓட்டறவன் ஆத்தா பழத்தைத் தொடுவானா? நான்தான்யா சுத்துனேன். மூணு சுத்து! கரகத்தை நூத்தித் தொண்ணூறு மைலு தலையிலருந்து எறக்கலைய்யா நானு!"

டீக்கடை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் ஆற்றிய டீ அந்தரத்தில் நின்றது.

ராமப்பன் மெதுவாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமாய்யா. போனோம். ஆத்தாளும்தான் வந்தா."